கிள்ளச் சொன்னால் கிள்ளாத வயலின்கள்

எங்கள் வீட்டில் நான் சொன்ன வேலை உடனே நடப்பதில்லை என்பது அக்கம்பக்கம் அறிந்த செய்தி. காபி கேட்டால் "இருங்க" என்று பதில் வரும், காபி வராது. ஃபேனை அணைக்கச் சொன்னால், "ஸ்விட்ச் உங்க தலைக்கு மேலதாம்ப்பா இருக்கு" என்பாள் மகள். இப்படிப்பட்ட மனிதன், பணி ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து எண்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை விலைக்கு வாங்கினால், அவர்களாவது சொன்னபடி கேட்பார்கள் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லையே.

எண்பது பேரும் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் காபிக்கு யார் பதில் சொல்வது? வந்தது ஸாம்பிள் லைப்ரரி. ஐரோப்பாவில் எங்கோ ஒரு நல்ல கூடத்தில் வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் வில்லால் நீட்டி இழுத்து, வில்லைத் துள்ளவிட்டு, விரலால் கிள்ளி, வில்லைத் திருப்பி மரப்பக்கத்தால் தட்டி, மெதுவாக ஒரு தரம், பலமாக ஒரு தரம் என்று வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த வகைகளுக்குத்தான் ஆர்ட்டிகுலேஷன் என்று பெயர். அதிலும் ஒரே ஸ்வரத்தை ஒரே பலத்தில் சில தடவை திரும்ப வாசித்து வைத்திருப்பார்கள். ஒரே பதிவு அடுத்தடுத்து ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பெரிய லைப்ரரி என்றால் நூற்றுக்கணக்கான ஜிபி. அதற்கு இடம் பண்ணுவதற்காக மைத்துனியின் கல்யாண வீடியோ எங்கே போயிற்று என்பதை இங்கே எழுதுவதில் எனக்குப் பயமில்லை. நான் எழுதுவதை வீட்டில் யாரும் படிப்பதில்லை.

நவராத்திரிக்கு மகள் பாட, பின்னணியில் வயலின்கள் வாசிக்க, மோகனத்தில் ஒரு சின்ன உருப்படி. இதுதான் திட்டம். முதல் வரியில் வில்லால் இழுப்பார்கள், இரண்டாம் வரியில் எல்லோரும் கிள்ளுவார்கள். இளையராஜா ஸ்டாஃப் நொட்டேஷனைக் கையால் எழுதி நீட்டுகிறார், வாத்தியக்காரர்கள் பார்த்து வாசிக்கிறார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபோதும் தாளைப் பார்த்துத்தான் வாசித்தது. அவரையும் என்னையும் ஒரே பத்தியில் வைத்ததற்கு ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு வாய்த்த குழு தாளைப் பார்க்காத குழு என்று சொல்லவே அவரை இழுத்தேன்.

நொட்டேஷன் மென்பொருளில் இரண்டாம் வரியின் தலையில் 'பிட்ஸ்' என்று எழுதினேன். பிட்ஸிகாட்டோ, அதாவது கிள்ளு. ப்ளே பட்டனைத் தட்டினேன். எண்பது பேரும் நிம்மதியாக வில்லை இழுத்துக்கொண்டே போனார்கள்.

விஷயம் என்னவென்றால், தாளில் இருக்கும் எழுத்து மென்பொருளுக்குத் தெரியும். லைப்ரரிக்கு அந்த எழுத்து போய்ச் சேராது. இரண்டுக்கும் நடுவில் ஓடுவது மிடி. 1983-இல் சின்தசைசர்களை ஒன்றோடொன்று பேசவைக்க வந்த ஏற்பாடு அது. 'இந்தக் கட்டையை இவ்வளவு வேகத்தில் அழுத்தினான், விட்டான்' என்று சொல்லும். 'கிள்ளு' என்று சொல்ல அதில் வார்த்தை கிடையாது. ஆகவே லைப்ரரிக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். மிடியில் மொத்தம் 128 ஸ்வரங்கள். வயலினோ நடு சி-க்குக் கீழே இருக்கும் ஜி-யோடு நின்றுவிடும். அதற்கும் அடியில் சும்மா கிடக்கும் கட்டைகளை ரகசிய உத்தரவுகளாக்கிவிட்டார்கள். அடிமட்ட சி-யை அழுத்தினால் ஒலி வராது, வில் என்று அர்த்தம், அதற்கடுத்த கட்டை கிள்ளல், இன்னும் மேலே போனால் நடுக்கம். இதுதான் கீ-ஸ்விட்ச்.

எந்தக் கட்டைக்கு எந்த உத்தரவு என்று மென்பொருளுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கவேண்டும். டோரிகோவில் இதை எக்ஸ்பிரஷன் மேப் என்பார்கள். பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, நடு சி எது என்பதிலேயே உலகத்தில் ஒற்றுமை இல்லை என்று. மிடியில் அது 60-ஆம் எண். அதில் தகராறு இல்லை. ஆனால் ஒரு கம்பெனி அதை சி3 என்கிறது, இன்னொன்று சி4 என்கிறது. லைப்ரரியின் கையேடு சொன்ன சி0 வேறு, என் மென்பொருள் புரிந்துகொண்ட சி0 வேறு. ஒரு ஸ்தாயி தள்ளிப்போய், உத்தரவெல்லாம் ஆளில்லாத கட்டைகளில் போய் விழுந்துகொண்டிருந்தது.

அதற்கும் முன்னால் ஒரு கதை. வாங்கிய அன்று சத்தமே வரவில்லை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மாட்டினேன், பிளக்கை மாற்றினேன், கடைசியில் எலெக்ட்ரீஷியனையே வரவழைத்தேன். அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "கரென்ட் நல்லாத்தான் சார் வருது" என்று சொல்லி, வந்து போன கூலியை வாங்கிக்கொண்டு போனார். நீண்ட ஸ்வரங்களின் பலத்தைத் தீர்மானிப்பது மாட் வீல் என்ற சக்கரம். பூஜ்யத்திலிருந்து 127 வரை போகும். என்னுடையது பூஜ்யத்தில் நின்றது. வில்லை நரம்பில் வைத்துக்கொண்டு, இழுக்காமல், எண்பது பேரும் மரியாதையாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சக்கரத்தை ஏற்றி நீண்ட ஸ்வரத்தைச் சரிபண்ணினால், கிள்ளலுக்கு அந்தச் சக்கரம் செல்லாது. அங்கே பலம் என்பது கட்டையை அழுத்தும் வேகம். ஒரே 'மெதுவாக' என்ற குறியை மென்பொருள் இரண்டு பாஷையில் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வில் கிசுகிசுக்கும், கிள்ளல் வெடிக்கும். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஸ்வரத்தின் தலையில் வைக்கும் புள்ளி இருக்கிறதே, ஸ்டக்காட்டோ, அது தனிக் கூத்து. புள்ளியைப் பார்த்த மென்பொருள் ஸ்வரத்தைப் பாதியாக நறுக்கி அனுப்புகிறது. லைப்ரரியோ ஏற்கெனவே குறுக வாசித்த பதிவை எடுத்து நீட்டுகிறது. குறுகியதை மறுபடி குறுக்கினால் மிஞ்சுவது விக்கல். புள்ளிக்காவது ஒரு நியாயம் உண்டு, அந்த ஒரு ஸ்வரத்தோடு அது தீர்ந்துபோகும். 'பிட்ஸ்' அப்படியல்ல. 'ஆர்கோ', மறுபடி வில்லை எடு, என்று எழுதும்வரை கிள்ளிக்கொண்டே இருப்பார்கள். என் மனைவியின் "இருங்க" புள்ளி வகை என்று கல்யாணமான புதிதில் நினைத்திருந்தேன்.

மனிதர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். 1624-இல் வெனிஸில் மான்டெவெர்டி, வில்லை வைத்துவிட்டு இரண்டு விரலால் நரம்பைக் கிள்ளுங்கள் என்று வாசிப்பவர்களுக்கு வார்த்தையாகவே எழுதிக் கொடுத்தார். அதே உருப்படியில் ஒரே ஸ்வரத்தை ஒரு பாரில் பதினாறு தரம் வேகமாக இழுக்கவும் சொன்னார். இது என்ன சிரிப்பாக இருக்கிறது என்று வாத்தியக்காரர்கள் பாருக்கு ஒரு இழுப்போடு நிறுத்திக்கொண்டார்களாம். 1638-இல் வெளியிட்ட புத்தகத்தின் முன்னுரையில் அவரே இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். படித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். அவர் பேச்சையும் கேட்கவில்லை.

பட்டியலோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் குறுக்குவழியில் இறங்கினேன். உத்தரவுக் கட்டைகளை நானே ஸ்வரங்களாக எழுதி, கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுவது. பலரும் செய்வதுதான். அருமையாக வேலை செய்தது. பிட்ஸ் என்றால் கிள்ளினார்கள், ஆர்கோ என்றால் இழுத்தார்கள். ஒரு மாலை முழுக்க நானே ராஜா.

மறுநாள் மகள் வந்து, "அப்பா, ஒரு கட்டையில என்னால பாட முடியாது, அஞ்சு கட்டைக்கு ஏத்துங்க" என்றாள். எனக்கு சி தவிர வேறு எதிலும் எழுத வராது. அதனால் என்ன? எல்லாவற்றையும் செலக்ட் செய்து, சி-யிலிருந்து ஜி-க்கு ஒரே தட்டில் ஏற்றினேன். எல்லாம் ஏறியது. மறைந்திருந்த உத்தரவுகளும் கூடவே ஏறின. கிள்ள வேண்டிய வரியில் வயலின்கள் மொத்தமும் தடதடவென்று நடுங்க ஆரம்பித்தன. அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, உங்க கம்ப்யூட்டருக்குக் குளிர்ஜுரமா?" என்றாள்.

கொலுவுக்கு மகளின் வயலின் வாத்தியார் வந்திருந்தார். சின்னப் பையன்தான். பிரிண்ட் எடுத்த தாளை அவரிடம் நீட்டினேன். ஸ்டாண்டு இல்லாததால் சுண்டல் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டார். முதல் வரியை இழுத்தார். 'பிட்ஸ்' வந்ததும் வில்லை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலால் கிள்ளினார். பட்டியல் கேட்கவில்லை, சக்கரம் கேட்கவில்லை. வரி முடிந்ததும் தானாகவே வில்லுக்குத் திரும்பிவிட்டு, "இங்க ஆர்கோன்னு போட விட்டுப்போச்சு போல சார்" என்றார். பிறகு தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"சார், இந்த ஜி எப்படி வாசிக்கிறது?"

மறைத்து வைத்ததில் ஒன்று தப்பி வந்து, ஐந்து கோட்டுக்குக் கீழே குட்டிக்குட்டிக் கோடுகளாக ஏணி போட்டுக்கொண்டு, தாளின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது உங்களுக்கு இல்ல தம்பி, கம்ப்யூட்டருக்கு."

"வயலின்ல அவ்வளவு கீழ போகாது சார். விட்டுடட்டுமா?"

"விட்டுடுங்க."

விட்டுவிட்டு வாசித்தார். மாமியார் பூரித்துப்போய், "மாப்பிள்ளை, இந்தப் பிள்ளை சொன்ன உடனே கேக்கறதே, இதுக்கு என்ன விலை கொடுத்தீங்க?" என்றார். மனைவி கேட்காமலே வாத்தியாருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். எனக்கும் என்றேன்.

"இருங்க."