பன்னுக்கு ஏற்ற எழுத்து

கேள்வி: பேக்கரி திறக்கிறோம். பெயர்ப்பலகைக்கு ‘கூப்பர் பிளாக்’ எழுத்துதான் எடுப்பாக இருக்கும் என்கிறார் ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி. நம்பலாமா?
– ஒரு வாசகர், நெரவி

பதில்: தாராளமாக! சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922இல் வெளிவந்த எழுத்து. செரிஃப் என்கிற கால் நுனிகள் இதில் உண்டு, கூர்மைதான் கிடையாது. எல்லாம் உருண்டை. ஆங்கில ‘ஓ’ மட்டும் விருந்து முடித்த மாமாவைப்போலப் பின்னால் சாய்ந்திருக்கும். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு உறையிலும் (1966), ஈசிஜெட் விமானத்திலும் இருப்பது இதுதான்.

ஆனால் கடைப் பெயரோடு நிறுத்துங்கள். விலைப்பட்டியலையும் இதிலேயே பொடியாக அடித்தால் ‘ஏ’, ‘ஈ’களின் சின்ன ஓட்டைகள் அடைத்துக்கொண்டு வெறும் கறுப்புத் திட்டுதான் மிஞ்சும்.

தமிழில்தான் வம்பு. கூப்பர் வரைந்தது ஆங்கில எழுத்துகளை. தம்பி சாதா தமிழ் எழுத்துக்கு அவுட்லைன் கொடுத்துக் குண்டாக்குவார். ‘வெண்ணெய் பிஸ்கட்’டில் ணகரச் சுழிகள் மூச்சுமுட்டிப் போகும். குண்டாகவே வரைந்த தமிழ் எழுத்துருவைக் கேட்டு வாங்குங்கள்.

எழுத்தின் பருமனால் வரும் செலவு உங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. சின்னதாக வேறு வார்த்த பிறகே 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஃப்ளெக்ஸுக்கும் சதுர அடிக் கணக்குத்தான். அளவை முன்பே பேசிவிடுங்கள். திறப்பு விழாவுக்கு ஒரு பெட்டி பிஸ்கட் அனுப்பினால், சுழி திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.