தலை எண்ணும் மாஸ்ரர்

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கினால் திருகோணமலை உட்துறைமுக வீதிக்காரருக்குக் கலண்டர் தேவையில்லை. விடிந்ததும் விடியாததுமாக யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கோஸ்டர் பஸ் வந்து நிற்கும். வழி முழுக்க வாந்தி எடுத்த பிள்ளை முதலில் இறங்கும். பிறகு பாய், தண்ணீர்க் கான், பந்து, முழங்கால் பிடித்த பெரியம்மா. இவை எல்லாவற்றுக்கும் முன்பே இறங்கிய ஒருவர் கதவடியில் நின்று சுட்டுவிரலால் காற்றைக் குத்திக்கொண்டிருப்பார். வாய் அசையும், சத்தம் வராது. அவர்தான் மாஸ்ரர்.

படிப்பித்தவராக இருக்கவேண்டும் என்றில்லை. தபால் கந்தோரிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஓய்வு பெற்றவராக இருக்கலாம். ஊராரிடம் காசு சேர்த்து ஒரு பஸ்ஸுக்கு முற்பணம் கட்டினால் போதும், அன்றிலிருந்து அவர் மாஸ்ரர். சட்டைப் பையில் இரண்டு பேனை, கழுத்தில் ஒரு விசில், கையில் நாலாக மடித்த தாள். அந்தத் தாளில் மனிதர்களை மூன்றே சாதியாகப் பிரித்திருப்பார்: மரக்கறி 9, மீன் 12, முட்டை 6. ஆக 27.

போன வருடம் வந்த மாஸ்ரர் எனக்குச் சொந்தம். மச்சாளின் புருசனுக்குத் தமையன். உள்ளூர் ஆள் என்பதால் இடம் காட்ட என்னை ஏற்றிக்கொண்டார். ஏறிய உடனேயே என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, நீர் கணக்கில இல்லை. நான் எண்ணேக்க கொஞ்சம் தள்ளி நில்லும்."

பரமார்த்த குருவின் சீடர்கள் தங்களை எண்ண மறந்துதான் ஆற்றங்கரையில் அழுதார்கள். எங்கள் மாஸ்ரருக்கு அந்த அவமானம் வராது. அவர் முதலில் எண்ணுவதே தன்னைத்தான். இடது கைப் பெருவிரலால் தன் நெஞ்சைத் தொட்டு "ஒண்டு" என்று தொடங்கி, மனைவியைத் தொடாமல் "ரெண்டு" என்று கடந்து போவார்.

முதலில் கோணேசர் கோயில். பிரட்றிக் கோட்டை வாசலால் நுழையும்போது, 1620களில் பறங்கியர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே இந்தக் கோட்டையைக் கட்டிய கதையைத் தொடங்கினேன். இரண்டு வசனம் போகவில்லை, விசில் அடித்தது. மான்! கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஊர்க்காரரைப்போலத் திரிகின்றன. பிள்ளைகள் பிஸ்கட்டோடு நாலா பக்கமும் சிதறிவிட்டார்கள். சிதறுவது ஒன்றைத்தான் மாஸ்ரர் இந்த உலகத்தில் மன்னிக்கமாட்டார். தாளை நீட்டி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடத் தொடங்கினார். மீன் சாப்பாட்டில் ஏழாவது பெயர் வரும்போது, பின்னால் நின்ற ஒரு கிழட்டு மான் தாளின் கீழ்ப்பாதியைக் கவ்விக்கொண்டது. கொஞ்ச நேரம் இழுபறி. அரசாங்கத்தோடு முப்பது வருடம் கடிதப் போக்குவரத்து நடத்திய மனிதர் ஒரு மானிடம் தோற்றார். முட்டை ஆறு பேரும் முழுதாகப் போனார்கள். மீனில் ஐந்து பேர்.

"பரவாயில்லை, எல்லாம் மண்டைக்குள்ள கிடக்கு," என்றார். முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

கோயிலில் அவருக்கு ஆறுதல் கிடைத்தது. பூசை நேரத்தில் சனம் கைகூப்பிக் கண்ணை மூடி ஆடாமல் அசையாமல் நிற்கிறது அல்லவா? அவ்வளவு பேர் நடுவிலும் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் மாஸ்ரர் ஒருவர்தான். தீபாராதனை முடிவதற்குள் இரண்டு தரம் எண்ணிவிட்டார். வெளியே வந்து இராவணன் வெட்டைக் காட்டினேன். மரத்தில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்களைக் காட்டினேன். கீழே கடல் நீலமாகக் கொதித்தது. மாஸ்ரர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சனம் கடலைப் பார்த்தால் யாராவது சனத்தைப் பார்க்கவேண்டாமா?

இந்தக் குணம் திருகோணமலையில் வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் சுவிசில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனவர், அங்கே தமிழ்ப் பெற்றோர் சிலர் ஒழுங்குசெய்த ஒருநாள் பயணத்தில் பேர்ண் நகரத்துக்கும் போயிருக்கிறார். மத்தியானத்துக்குள் தலைமை அவர் கைக்கு வந்துவிட்டதாம். துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஆசையாகக் கேட்டேன், பேர்ண் எப்படி என்று. ஒரு நாட்டின் தலைநகரைப் பார்த்த மனிதர், எங்கள் மாகாணத் தலைநகரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறியும் சின்ன அரிப்பு எனக்கு.

"பேர்ணோ? திறம். 41 பேர். ஒருத்தரும் விடுபடேல்லை."

ஆரே ஆறு, கரைச் சரிவில் வளர்க்கிற கரடிகள், எதுவும் அவர் நினைவில் இல்லை. மணிக்கூட்டுக் கோபுரம் மட்டும் அழியாமல் இருந்தது. மணி அடிக்கப்போகும்போது கோபுரத்தில் குட்டிக் கரடிப் பொம்மைகள் சுற்றிவரும், சேவல் கூவும். பார்க்க வந்த கூட்டம் முழுக்க அண்ணாந்து நிற்கும். "ஒரு சனமும் அசையாது தம்பி! எண்ணுறதுக்கெண்டே கட்டின கோபுரம்." திருகோணமலையில் அப்படி ஒன்று இல்லாதது ஊரின் குறை என்று அவர் கருதுவது தெரிந்தது.

துறைமுகத்துக்கு அவர் ஒதுக்கியது பத்து நிமிடம். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் பிடித்துப் பிடித்து விட்ட இடம். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தும் சில பின்னேரங்களில் அந்த நீரைப் பார்த்துக்கொண்டு கறிவாங்கப் போனதை மறந்து நின்றிருக்கிறேன். மாஸ்ரர் கடைக்கண்ணால் பார்த்து, "நல்ல ஆழம்போல. பிள்ளையளைப் பிடியுங்கோ," என்றார்.

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ், கடற்படைத் தளபதி, 1852இல் பர்மாப் பக்கம் இறந்து எங்கள் ஊர் மயானத்தில்தான் புதைக்கப்பட்டார் என்றேன். "எங்கட பஸ்ஸில வந்தவரோ?" என்ற பார்வை ஒன்று விழுந்தது. சீனன்குடாப் பக்கம் கையைக் காட்டி, ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன என்றேன். அந்த ஒரு நாளில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"தொண்ணூத்தொன்பதோ? மற்றது எங்கை?"

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரர் குண்டு போட வந்தபோது ஒரு விமானம் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்து எரிந்த கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். காரணத்தோடு வராமல் விட்டால் அவர் கோபிப்பதில்லை.

நிலாவெளிக் கடலில் அவர் குளிக்கவில்லை. செருப்பு, கைத்தொலைபேசி, சங்கிலி எல்லாம் அவர் மடியில். உப்புக் கழுவ எல்லாரும் கன்னியாவுக்குப் போனபோதுதான் மனிதர் உண்மையில் நொந்துபோனார். வெந்நீர்க் கிணறு ஏழு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. தாயின் அந்தியேட்டிக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது நம்பிக்கை. ஏழையும் தொட்டால்தான் புண்ணியம் என்று பெரியம்மா ஒருத்தி சொல்லிவைக்க, 26 பேரும் வாளியோடு கிணற்றுக்குக் கிணறு தாவினார்கள். நனைந்தால் எல்லாத் தலையும் ஒரே தலை. ஒரு தரம் 31 வந்தது, ஒரு தரம் 19. நான் மரியாதையாகத் தள்ளி நின்றேன்.

பொழுதுபட என்னை இறக்கிவிட ரவுணுக்கு வந்தார்கள். கருவாடு வாங்கப் பதினைந்து நிமிடம், விசில் அடித்தால் வரவேண்டும் என்று கட்டளை. விசில் அடித்தது, சனம் ஏறியது. நான் கடைசி சீற்றடியில் குனிந்து என் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். மாஸ்ரர் படியில் நின்று நெஞ்சைத் தொட்டுத் தொடங்கி, கடைசியாக என் முதுகைக் காற்றில் குத்தினார்.

"இருபத்தேழு! றைற், போவம்!"

அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வாயைத் திறக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அனுராதபுரச் சந்தி வந்துவிட்டது. மாஸ்ரரின் கைத்தொலைபேசி அடித்தது. சத்தமாகப் பேசுகிற பழைய நோக்கியா. பஸ் முழுக்கக் கேட்டது.

"இஞ்சருங்கோ, எல்லாரும் ஏறியாச்சோ?"

"ஓமோம். இருபத்தேழும் சரி."

"அப்ப கருவாட்டுக் கடை வாசலில நிக்கிற நான் ஆர்?"