மிளகாயில் விழுந்த எழுத்துகள்

மிளகையும் காயையும் சேர்த்தால் இலக்கண முறைப்படி வரவேண்டியது ‘மிளகுக்காய்’. வந்திருப்பதோ மிளகாய். நடுவிலிருந்த ‘கு’வும் ‘க்’கும் எங்கே போயின என்று அறிஞர் உலகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. என் துணிபு இது: முதன்முதலில் இப்பெயரைச் சொன்னவர் வாயில் அந்தக் காய் இருந்தது. ‘மிள’ என்று தொடங்கும்போதே விதை பல்லில் பட்டுவிட்டது. நாக்கு எரிய, இரண்டு எழுத்தை விழுங்கி, ‘காய்’ என்று அலறி முடித்தார். பேச்சில் ‘மொளகா’ என்று கடைசி ‘ய்’யும் உதிர்ந்திருப்பதைப் பார்த்தால், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தேங்காயைக் காட்டி மறுப்பார்கள். தெங்கும் காயும் சேர்ந்தபோதும் ‘கு’ கெட்டது. இளநீரில் என்ன காரம்? நல்ல கேள்வி. ஆனால் அங்கே முதலெழுத்து நீண்டு, போனதற்கு ஈடு கட்டியது. நன்னூலும் அதற்கென்று தனி விதி வகுத்தது. மிளகாய்க்கு அப்படி ஈடும் இல்லை, விதியும் இல்லை. நன்னூலை எழுதிய பவணந்தியார் மேல் குறை சொல்ல முடியாது. அவர் காலம் 13ஆம் நூற்றாண்டு; இந்தச் செடியோ அமெரிக்கக் கண்டத்துக்காரி, 1498இல் போர்ச்சுக்கீசியர் கடல்வழி கண்ட பிறகே இங்கு இறங்கியது. மிளகைத் தேடிக் கிளம்பிய கொலம்பசே இதை மிளகின் உறவாக எண்ணிய பின், நம்மவர் மிளகின் பெயரைக் கொடுத்ததில் வியப்பில்லை. குண்டூர்க்காரர்கள் நம்மைவிடக் காரம் தின்றும் தெலுங்கில் ‘மிரபகாய’ என்று நிதானமாகச் சொல்கிறார்களே என்பது சற்றே வலுவான தடை. கோங்குரா ஊறுகாயில் பழகிய நாக்கு பதறாது என்பதே விடை. கன்னடத்தில் ‘மெணசினகாயி’ நீண்டு ஒலிப்பது என் கட்சிக்கே சாட்சி: கன்னட நாட்டுப் பியாடகி மிளகாய்க்கு நிறம்தான் அதிகம், காரம் குறைவு. குடைமிளகாயையும் பஜ்ஜி மிளகாயையும் இவ்வழக்கில் சேர்க்கக் கூடாது. அவை பின்னால் வந்து பெயரை மட்டும் சுவீகரித்தவை.

இன்னும் ஐயமுள்ளவர்கள் ஒரு பச்சை மிளகாயை விதையோடு மென்றபடி ‘மிளகுக்காய்’ என்று மும்முறை சொல்லிப் பார்க்கலாம். தண்ணீர் உதவாது, தயிர்ச்சாதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.