ஷவ்வால் பிறையும் குத்தம்பாக்கத்துச் செல்போனும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் ரம்ஜான் மாதம் முடிந்ததா என்று தீர்மானிக்க, 29ஆம் நோன்பு மாலையில் பிறை பார்க்கும் குழு ஒன்று கூடுகிறது. மார்க்க அறிஞர்கள் இருப்பார்கள், வானியல் தெரிந்தவர்கள் இருப்பார்கள், தொலைநோக்கி இருக்கும். இவ்வளவு சிரமம் எதற்கு என்பதே இக்கட்டுரையின் வாதம். அன்று இரவு குத்தம்பாக்கத்தில் எங்கள் அம்மாவின் செல்போன் எத்தனை மணிக்கு அடிக்கிறது, மறுமுனையில் வரும் குரல் எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்ற இரண்டு தகவல் போதும். பிறை தெரிந்ததா இல்லையா என்று அடித்துச் சொல்லிவிடலாம்.

முதலில் ஆய்வுக்களம். பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசையையும் தாண்டினால் வருகிற ஊர் குத்தம்பாக்கம். வேதிப் பொறியாளரான இளங்கோ வேலையை விட்டு ஊர் திரும்பி 1996இல் ஊராட்சித் தலைவரானாரே, அந்த ஊர்தான். திரும்பி வந்தவரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். போய்விட்டுத் திரும்பாதவர்களைப் பற்றி எழுத ஆளில்லாததால் இப்பணி இவ்வாய்வாளன் தலையில் விழுந்தது.

மாதிரி அளவு: ஒன்று. என் தம்பி. துபாய் அல் கூஸ் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர், ஆறு பேர் ரூமில் மேல்கட்டில். ஒரே ஆளை வைத்து ஆய்வா என்று கேட்கும் பேராசிரியர்கள் அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம். அந்த ஒன்றைச் சமாளிக்கவே நாள் போதவில்லை என்பது அவர் கருத்து.

கோட்பாட்டுப் பின்புலம் வேண்டுமென்றால் தொல்காப்பியத்துக்குப் போக வேண்டும். பொருள் தேடிப் பிரிவதற்குத் தமிழில் பாலைத் திணை என்று பெயர். அதற்குரிய சிறுபொழுது நண்பகல். இதைப் படிக்காமலேயே அமீரக அரசு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறது. நண்பகலைப் பற்றித் தொல்காப்பியருக்கும் அரபு அதிகாரிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பாலைத் திணையில் பிரிந்துபோன தலைவனுக்கு லீவு உண்டா என்று உரையாசிரியர் எவரும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே நம் நோக்கம்.

ஆய்வுக் கருவி பற்றி ஒரு வார்த்தை. துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் வரும், செய்தி வரும், பேச முடியாது. அங்கே அதற்கு அனுமதி இல்லை. அதனால் போட்டிம் என்ற செயலியில்தான் பேச்சு. அம்மா முதல் நாளே அதன் கடைசி எழுத்தை வெட்டி எறிந்துவிட்டார். "சின்னவன் போட்டியில வர்றான், அடுப்பை நிறுத்து" என்று அவர் குரல் கொடுத்தால் எதிர்வீட்டு அத்தை, "இன்னாக்கா, செவ்வாய்க்கிழமையில போட்டியா?" என்று கேட்பார். ஆட்டுக்குடலுக்கும் அரபு நாட்டுக்கும் இப்படியொரு தொடர்பு ஏற்பட்டதை மொழியியலாளர்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இனி, விஷயத்துக்கு வருவோம். 2025இல் அமீரகத்தில் தனியார் கம்பெனிகளுக்குச் சொன்ன விதி இது: ரம்ஜானை அடுத்து வரும் ஷவ்வால் மாதத்தின் முதல் மூன்று நாள், நோன்புப் பெருநாள் லீவு. ரம்ஜான் 30 நாள் ஓடினால் அந்த முப்பதாம் நாளும் லீவோடு சேரும். அதாவது 29ஆம் நாள் மாலை பிறை தெரிந்தால் மூன்று நாள், தெரியாவிட்டால் நான்கு. நோன்பு வைத்தவர்கள் பிறை தெரிய வேண்டும் என்று மேற்கே பார்க்கிறார்கள். நோன்பு வைக்காத என் தம்பி போன்றவர்கள், தெரியக் கூடாது என்று அதே மேற்கைப் பார்க்கிறார்கள். ஒரே வானத்தை நோக்கி இவ்வளவு நேர்மாறான வேண்டுதல்கள் உலகில் வேறெங்கும் போவதாக இவ்வாய்வாளனுக்குத் தெரியவில்லை. தம்பி தன் பங்குக்குத் திருவேற்காட்டு அம்மனையும் இதில் இழுத்துவிட்டிருந்தான்.

அந்த ஆண்டு 29ஆம் நோன்பு, மார்ச் 29, சனிக்கிழமை வந்தது. எங்கள் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடும். ஒன்பது மணி சுமாருக்குப் போன் அடித்தது.

"அம்மா, பிறை தெரிஞ்சிடுச்சாம்."

"நல்ல விஷயந்தானே கண்ணு. ஏன் உம்முனு இருக்க?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. அது எப்பவும் லீவுதாம்மா. பெருநாள் அதுல வந்து உக்காந்துக்கிச்சு."

ஞாயிறு முதல் செவ்வாய் வரை மூன்று நாள். அதில் ஞாயிறு சொந்தக் காசு. ஆக, நிகர லாபம் இரண்டு. பிறை ஒரு நாள் வெட்கப்பட்டிருந்தால் புதன்வரை போயிருக்கும். அம்மா நிலாவைத் திட்டவில்லை. "முடி வெட்டிக்கினியா?" என்று கேட்டார். பெருநாளுக்கு முதல் நாள் அங்கே சலூன்களில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் என்பது அவருக்குத் தெரியும். குத்தம்பாக்கத்தை விட்டு அதிகம் நகராத ஒருவர் துபாய் சலூன் நிலவரத்தை விரல் நுனியில் வைத்திருக்கிறார். நகரவியல் துறையினர் குறித்துக்கொள்க.

பேச்சின் நீளத்தைத் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் குறித்து வந்திருக்கிறேன். சாதாரண நாளில் சாப்பாடு, அப்பாவின் சர்க்கரை, மோட்டார் ரிப்பேர் என்று நாலைந்து நிமிடம். ரம்ஜான் மாதத்தில் கொஞ்சம் கூடும். நோன்பு உள்ளவர் இல்லாதவர் பேதமின்றி எல்லாருக்கும் வேலை நேரத்தில் இரண்டு மணி குறைப்பது அங்கே சட்டம். பெருநாள் முதல் நாள்தான் உச்சம். அன்று பேசி முடிந்தபின்னும் போனை வைக்காமல் சுவரில் சாய்த்துவிட்டு அவன் துணி துவைப்பான், அம்மா இங்கே கீரை ஆய்வார். ஒரு வார்த்தை இருக்காது. அரை மணிக்கு ஒருமுறை "இருக்கியா?" "இருக்கேன்." இதைப் பேச்சுக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்பதில் இவ்வாய்வாளனுக்கே குழப்பம் உண்டு. சேர்த்துவிட்டேன்.

மூன்று நாளும் என்னதான் செய்கிறான் என்று கேட்டால் பட்டியல் பெரிதாக இல்லை. தூக்கம். ஒரு திர்ஹாம் கொடுத்து தேராவிலிருந்து பர் துபாய்க்கு அப்ரா படகில் ஒரு சவாரி. அதே ஒரு திர்ஹாமுக்குத் திரும்பி வருதல். மீண்டும் தூக்கம். கையில் நேரம் இருக்கும், கொண்டாட ஒன்றும் இருக்காது. எதிர்த் தரவு தீபாவளி. 2024இல் அது அக்டோபர் 31, வியாழக்கிழமை. அங்கே வேலை நாள். இங்கே நாலரை மணிக்கு எண்ணெய் காயவைத்ததும் அம்மா அவனையும் எழுப்பிவிட்டார். அங்கே மணி மூன்று. தலையில் எண்ணெய் வைத்துக் குளித்து, கம்பெனிச் சட்டையைப் புதுச் சட்டையாக பாவித்துப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனான். பண்டிகைக்காரனாக இருக்கும் நாளில் லீவு இல்லை. லீவு இருக்கும் நாளில் அவன் பண்டிகைக்காரன் இல்லை. இதை ஒரு விதியாகவே முன்மொழியலாம் என்றிருந்தேன், ரூமிலிருந்த கீழக்கரை பாய் அதை உடைத்துவிட்டார்.

அறுவரில் பெருநாள் உரிமையாளர்கள் இருவர்: மலப்புரத்துக்காரர் ஒருவர், இந்தப் பாய் ஒருவர். மார்ச் 30 அதிகாலையில் தொழுதுவிட்டு வந்ததும் பாய் குண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டார். மணம் எங்கள் வீட்டுப் போன்வரை வந்ததாகத் தம்பி சொன்னதை அறிவியல் ஏற்காது. அப்போது கீழக்கரையிலிருந்து அவர் மகள் கூப்பிட்டாள். தமிழ்நாட்டில் பெருநாள் மறுநாள், திங்கட்கிழமை. அவர் வீட்டில் அன்று எல்லாருக்கும் நோன்பு. பாய் சட்டென்று போனைக் குண்டாவிலிருந்து சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"வாப்பா, ஏன் செவுத்தக் காட்டுறீங்க?"

"பெயிண்ட் அடிச்சிருக்காங்கம்மா. நல்லாருக்கான்னு பாரு."

அன்று அறுவரும் ஒரு தாளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாய் எல்லாருக்கும் அள்ளி வைத்தார். தான் இரண்டு வாய் சாப்பிட்டதோடு சரி. ஒரு டப்பா நிறைய எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மூடிமேல் தன் பெயரையும் ஒட்டிவிட்டார். திங்கட்கிழமை கீழக்கரையில் இலை போட்ட நேரம் பார்த்து அந்த டப்பாவைச் சுடவைத்து, போனை எதிரே நிறுத்திவைத்து, மகளோடு சேர்ந்து சாப்பிட்டாராம். அமீரகக் கணக்கில் அது பெருநாளின் இரண்டாம் நாள். அவர் கணக்கில் முதல் நாள். என் விதியை இந்த இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. பண்டிகைக்காரனுக்கும்கூட அங்கே கிடைப்பது லீவுதான். பண்டிகை வீட்டில் என்றைக்கோ, அன்றைக்குத்தான் அவனுக்கும்.

இதைக் கேட்டபின் அம்மா, தம்பியிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அடுத்த தடவ அவரை ரெண்டு வாயோட எழுந்திருக்க விடாத."

இனி வருங்கால ஆய்வுகளுக்கு. சந்திர ஆண்டு 354 நாள். பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்ந்துகொண்டே வரும். 2000த்தில் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று ஒரே ஆண்டில் இரண்டு நோன்புப் பெருநாள் வந்தது. 2033இலும் அப்படி வரும். லீவு இரட்டிப்பு என்ற இந்த நற்செய்தியைத் தம்பியிடம் சொன்னேன். அம்மா குறுக்கே வந்து, அதற்கு வெகு முன்பே அவன் ஊரோடு வந்துவிடுவான் என்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை; லைனில்தான் இருந்தான்.

சவூதி, கத்தார், குவைத்தில் தம்பியோ அண்ணனோ வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டுக் காலண்டர் தாள்களை அனுப்பி உதவினால் மாதிரி அளவை ஒன்றிலிருந்து உயர்த்த முடியும். விளக்கம் கேட்டு அம்மாவை மட்டும் அந்த மூன்று நாளில் கூப்பிட வேண்டாம். லைன் பிஸியாக இருக்கும்.