கணினி விசிறியைக் குமிழால் ஆளுதல்: ஓர் ஆய்வு

1. பொருள் வரையறை

விசிறியின் வேகத்தை மதர்போர்டே சம்பளமின்றிக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, அதே வேலைக்காக வீட்டில் ஈயம் உருக்கிச் செய்யப்படும் பெட்டியே வேகக் கட்டுப்படுத்தி. இதைச் செய்வோர் சொல்லும் காரணம் சூடு. கொஞ்சம் துருவினால் இரைச்சல் என்பர். இவ்விரண்டும் பயாஸ் திரையில் சில விசைகளைத் தட்டினால் தீர்ந்துவிடும். ஆகவே திருகிப் பார்க்க ஒரு குமிழ் இல்லாத குறையே மூலகாரணம் எனக் கொள்ளப்படுகிறது.

2. முன்னோடிகள்

சுவரில் இருந்த பழைய பெட்டி ரெகுலேட்டர் மின்தடைச் சுருளால் வேலை செய்தது; மின்விசிறிக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த மின்சாரத்தைச் சூடாக்கிச் சுவருக்குக் கொடுத்தது. சூட்டை வெளியேற்ற வந்த விசிறியை, சூடு உண்டாக்கும் கருவியால் ஆள்வது அறமன்று. மின்னழுத்தத்தைக் குறைக்கும் முறையிலும் ஒரு தொல்லை உண்டு: வெகுவாகக் குறைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் விசிறி ஓடும், நின்றது கிளம்பாது.

நான்கு கம்பி விசிறி இதற்குத் தீர்வு. ஒன்று கிரவுண்டு, இரண்டாவதில் 12 வோல்ட் குறையாமல் வரும், மூன்றாவது சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் வேகத்தைச் சொல்லும், நான்காவது கட்டளை. இந்த நான்காவது கம்பியில் துடிப்பு எவ்வளவு நேரம் உயர்ந்திருக்கிறதோ, அந்த விகிதத்தை ஒட்டி வேகம் அமையும். துடிப்பகலப் பண்பேற்றம் என்பது இதுவே.

3. அதிர்வெண்

இன்டெல் வகுத்த விதிப்படி துடிப்பு 25 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 21 முதல் 28 வரை பொறுத்துக்கொள்ளப்படும். மனிதச் செவியின் எல்லை 20 என்பதால், துடிப்பால் ஏதேனும் கீச்சொலி எழுந்தாலும் உரிமையாளருக்குக் கேட்காது. பூனைக்கு அதைவிடப் பன்மடங்கு கேட்கும். விதியை வகுத்தபோது அதன் கருத்து கேட்கப்படவில்லை.

4. கட்டமைப்பு

கருவியின் இதயம், துடிப்பை உண்டாக்கும் 555 ஐசி. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த எட்டுக்கால் பூச்சி, பொழுதுபோக்கு மின்னணுவியலில் இன்றும் ஓய்வு பெறவில்லை. குமிழ் பொருந்தும் மாறுமின்தடையான ஒரு 47 கிலோஓம் பாட், அதன் இரு ஓரக் கால்களிலும் எதிரெதிர்த் திசையில் 1என்4148 டயோடு, ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், 1 நானோஃபாரட் கபாசிட்டர் ஆகியவை உடன் சேரும். கபாசிட்டர் பாட்டின் ஒரு பாதி வழியே நிறைந்து மறுபாதி வழியே வடிகிறது. குமிழைத் திருகினால் ஒரு பாதி வளர, மறுபாதி தேயும். கூட்டுத்தொகை மாறாததால் அதிர்வெண் அசையாமல் விகிதம் மட்டும் மாறும். சூத்திரம் 30 கிலோஹெர்ட்ஸ் என்னும். டயோடுகள் தம் பங்குக்கு அரை வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்வதால் நடைமுறையில் அது 26ஐ ஒட்டி இறங்கி, விதிக்குள் அடங்கும்.

ஐசியின் வெளியீட்டை நேரே விசிறிக்குக் கொடுத்தல் ஆகாது. கட்டளைக் கம்பி 5.25 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஐசியோ 12 வோல்ட்டில் ஓடுகிறது. இடையே ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் நின்று கம்பியைக் கிரவுண்டுக்கு இழுத்துவிட வேண்டும்.

5. குமிழின் திசை

இடையில் நின்ற டிரான்சிஸ்டர் கட்டளையைத் தலைகீழாக்கிவிடுகிறது. அதனால் வலப்புறம் திருகினால் விசிறி அடங்கும், இடப்புறம் திருகினால் சீறும். பாட்டின் ஓரக் கால்களுக்கு வரும் இரு கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றினால் சரியாகும். பெட்டியை மூடித் திருகாணி முடுக்கிய பிறகே இது கண்டுபிடிக்கப்படும் என்பது இத்துறையின் உறுதியான விதிகளுள் ஒன்று.

குமிழின் கடைசிப் பகுதி வெறும் சம்பிரதாயம். துடிப்பு மிகவும் குறைந்தால் சில விசிறிகள் நின்றுவிடும். சில தம் குறைந்தபட்ச வேகத்தை விட்டு இறங்க மறுக்கும். பற்றவைப்பு விட்டுப்போய்க் கட்டளைக் கம்பி அறுந்தால் விசிறி முழு வேகத்தில் ஓடும். ஆகவே இக்கருவியின் தோல்வியை மறைக்க இயலாது.

6. பயன்

வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். மின்செலவு எட்டில் ஒரு பங்காகும். இரைச்சல் சுமார் 15 டெசிபெல் குறையும். 2 வாட் விசிறி ஆண்டு முழுதும் இரவும் பகலும் ஓடினால் மிச்சம் ஏறத்தாழ 15 யூனிட். இரைச்சல் குறைந்ததை உணர அறையின் சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உரிமையாளருக்கு வியர்க்கும்.

7. முடிபு

முதல் நாள் குமிழ் ஓயாமல் திருகப்படுகிறது. பிறகு இரைச்சலும் சூடும் சமாதானம் ஆகும் ஓரிடத்தில் நின்று, அங்கேயே தூசி படிகிறது. திருகப்படாத பாட் என்பது இரண்டு ரெசிஸ்டர்களுக்குச் சமம். விலையும் அவற்றுக்கே குறைவு. ஆயினும் எவரும் பாட்டைக் கழற்றி ரெசிஸ்டர் வைப்பதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் ரெசிஸ்டரைத் திருகிக் காட்ட முடியாது.