தன்னைப் புகழ நாலு வழி

13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், பாயிரத்திலேயே எழுத்தாளர்களின் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார். யாருக்கும் தோன்றாததைத் தோன்றச் செய்தவனாக இருக்கட்டும், பல துறைகளைக் கரைத்துக் குடித்தவனாக இருக்கட்டும், தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் நாங்களும் அடக்கமாக இருந்து தொலைத்திருப்போம். ஆனால் சமணத் துறவியான அவருக்கு எங்கள் கஷ்டம் எப்படியோ தெரிந்திருக்கிறது. அடுத்த மூச்சிலேயே நாலு இடத்தில் பூட்டைத் திறந்துவிடுகிறார். ராஜசபைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதாடி ஜெயிக்க வேண்டியிருக்கும்போது, எதிராளி மட்டம்தட்டும்போது. இந்த நாலிலும் புலவன் தன்னைத் தாராளமாகப் புகழ்ந்துகொள்ளலாம்.

ராஜசபைக்கு ஓலை என்பது இன்றைக்கு நூலக ஆணைக்குப் போடும் விண்ணப்பம். மட்டம்தட்டுகிற எதிராளிக்கு ஃபேஸ்புக் இருக்கிறது. அவையில் ஜெயிப்பது பட்டிமன்றக்காரர்கள் பாடு. எனக்கு வேண்டியது இரண்டாவது சலுகைதான். என் திறமை தெரியாதவர்கள் என்று கணக்கெடுத்தால் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றும் முழுசாக அதில் அடங்கும். எங்கள் வீட்டு ஹாலும் அடங்கும்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு என் சிறுகதைகளைத் தொகுத்துக் கொண்டுபோனேன். தி. நகரில் பதிப்பகங்களுக்குப் பஞ்சமில்லை. தீனதயாளு தெருவில் வானதி, தணிகாசலம் சாலையில் மணிமேகலைப் பிரசுரம் என்று புடவைக் கடைகளுக்கு நடுவிலேயே தமிழ் இலக்கியமும் பிழைத்து வந்திருக்கிற பேட்டை அது. எனக்குக் கிடைத்த பதிப்பாளர் இவர்களில் யாருமில்லை. ஒரு சந்துக்குள் மாடிப்படிக்குக் கீழே இருந்தார். ஒரு காலத்தில் தமிழில் ஒரு பதிப்பு என்றால் 1,200 பிரதி என்பது வழக்கம். இவர், "நூறு போடறோம் மேடம். போச்சுன்னா இன்னொரு நூறு போட்டுக்கலாம். போகலைன்னாலும் கவலையில்லை, உங்களுது சொந்த வீடுதானே?" என்றார். பிறகு, அச்சிடுவது அவர் கடமை, ஆள் பிடிப்பது என் கடமை என்று ஒரு குட்டிக் கீதையும் சொல்லி அனுப்பினார்.

நூறு என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு பாரதியார் ஞாபகம் வந்தார். 1920-இல் கடையத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் போட்ட திட்டத்தை எந்த விளம்பரக் கம்பெனியும் மிஞ்ச முடியாது. தன் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி போடுவது, ஆக மொத்தம் நான்கு லட்சம். தமிழ்நாட்டில் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலச் சர்வ சாதாரணமாக வீட்டுக்கு வீடு அவை போய்ச் சேரும் என்று நம்பி, முதலுக்குப் பணம் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கையே அனுப்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவரும் போய்விட்டார். மண்ணெண்ணெய் அநேகமாகக் கடையை விட்டே ஒழிந்துபோய், பாரதியார் மட்டும் இன்னமும் விற்றுக்கொண்டிருப்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

முன்னுரைக்கும் பவணந்தியார் சட்டம் வைத்திருக்கிறார். ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர் ஆகியோர்தான் ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாட வேண்டியவர்கள். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர் காலமாகிவிட்டார். கூடப் படித்தவள் நியூஜெர்சியில் இருக்கிறாள். பேரக் குழந்தைக்கு டயப்பர் மாற்றிவிட்டுப் படிக்கிறேன் என்றாள், குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மாணவர் என்றால் வங்கியில் நான் பழக்கிவிட்ட குமாஸ்தாக்கள். அவர்கள் எதைப் படித்தாலும் ஓரத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடுவார்கள். கடைசியில் பிரபல எழுத்தாளர் ஒருவரைப் பிடித்தோம். முன்னுரை 14 பக்கம் வந்தது. என் தொகுப்பிலேயே நீளமான கதை ஒன்பது பக்கம்.

வெளியீட்டு விழாவை மயிலாப்பூரில் வைத்தோம். டிசம்பர் என்றால் சங்கீத சீசன், மாட வீதிப் பக்கம் ஒரு மண்டபமும் நம்மை ஏறெடுத்துப் பார்க்காது, ஆகவே நவம்பரிலேயே. அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டால் ஆறே முக்காலுக்கு வருவார்கள். 'மாலை 5.30: சிற்றுண்டி' என்று போட்டால் ஐந்தேகாலுக்கே வாசலில் இருப்பார்கள். புத்தக விளம்பரத்தில் அழைப்பிதழின் இந்த ஒரு வரிக்குத்தான் உண்மையான சக்தி உண்டு. இதை எந்தப் பயிலரங்கிலும் சொல்லித்தருவதில்லை.

மேடையில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, சிறப்புரை என்று வரிசையாக வந்தன. வாழ்த்துரைக்காரர் புத்தகத்தைப் படிக்கவில்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லி, ஆனாலும் அட்டையைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிகிறது என்றார். அட்டையில் ஒரு கதவுதான் இருந்தது, அதுவும் சாத்தியிருந்தது. ஆய்வுரைக்காரர் எல்லாக் கதைகளின் முடிவையும் சொல்லிவிட்டு, மீதியை நூலில் படித்துக்கொள்ளுங்கள் என்றார். இடையிடையே பொன்னாடை வந்தது. எனக்குப் போர்த்திய ஆடையைச் சிறப்பு விருந்தினருக்கும், அவருடையதைத் தலைவருக்கும் சமயோசிதமாக மாற்றி மாற்றிப் போர்த்தினார்கள். என் ஏற்புரை வந்தபோது எட்டே முக்கால். மண்டபத்துக் காவலாளி பின்வரிசையிலிருந்து ஒவ்வொரு மின்விசிறியாக அணைத்துக்கொண்டு முன்னேறினார். நான்காவது வரிசை அணைந்தபோது நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

உறவினர்களிடம் விற்பனை எடுபடவில்லை. "ஏண்டி, உன் புஸ்தகத்துக்கு நான் காசு குடுக்கணுமா?" என்று பெரியம்மா கேட்டதில் நியாயம் இருந்தது, சின்ன வயதில் எனக்கு அரிச்சுவடி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். எல்லா விழாவுக்கும் டிபனுக்காக மட்டும் வருகிற ஒரு பெரியவர் மயிலாப்பூரில் உண்டு. அவரைப் பார்த்தால் கேட்டரிங்காரர்களே முகம் சுளிப்பார்கள். அன்று சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து எண்ணிக் கொடுத்துப் புத்தகம் வாங்கியவர் அவர்தான். பத்து சதவீதக் கழிவும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

விழாக் கணக்கைப் பார்த்த அக்கா மகன், "சித்தி, இதெல்லாம் பழைய ஸ்டைல். இனிமே நான் பாத்துக்கறேன்" என்று களத்தில் இறங்கினான். அடையாறு காந்தி நகரில் இருக்கிறான். டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று ஏதோ செய்கிறான், நல்ல சம்பளம்.

முதலில், "ப்ரீ ஆர்டர் வாங்கியிருக்கணும் சித்தி. புக்கு வர்றதுக்கு முன்னாடியே காசு. இப்ப இதான் டிரெண்ட்" என்றான். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றியபோது வாங்குவதாக முன்கூட்டியே பிரபுக்களிடம் கையொப்பம் திரட்டியதைச் சொன்னேன். அவன் அசரவில்லை. "சரி, இன்ஃப்ளூயன்சர்?" 1907-இல் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் பாரதியின் தேசப் பாடல்களைத் தன் செலவில் 15,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அவர் மிதவாதி, பாரதி தீவிரவாத கோஷ்டி. அரசியலில் இருவருக்கும் ஆகாது. எதிர்க்கட்சிக்காரனுக்குக் கைக்காசைச் செலவழித்து ஊரெல்லாம் பரப்புகிற செல்வாக்குள்ள மனிதர் இப்போது யார் இருக்கிறார்? "உங்க பேட்டையிலயே ஒருத்தரை உலகமே கொண்டாடினதே, தெரியுமா?" என்றும் கேட்டுவைத்தேன். அடையாறு பிரம்மஞான சபையில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற 14, 15 வயதுப் பையனின் பெயரில் 1910-இல் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அதைப் பரப்ப ஒரு சர்வதேச சபையே இருந்தது. உலகம் முழுக்கக் கிளையோடு அவருக்கென்றே இன்னொரு சங்கமும் தொடங்கினார்கள். 1929-இல் அவரே மேடையேறி அந்தச் சங்கம் வேண்டாம் என்று கலைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் புத்தகங்கள் இன்னும் பிய்த்துக்கொண்டு போயின. "கலைக்கறதுக்கு முதல்ல சங்கம் வேணுமே சித்தி" என்றான். மார்க்கெட்டிங் படித்த பிள்ளை, சரியாகத்தான் சொன்னான்.

அவன் சொன்னதில் மனசுக்குப் பிடித்தது 'சாம்பிள்'. காரணம், அதற்கு மயிலாப்பூரிலேயே முன்னோடி இருக்கிறார். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், அதைச் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாக விநியோகித்துப் பிரபலமாக்கினார். கச்சேரிக்கு வருகிறவர்களுக்குத் தலைவலி வரும் என்று கணித்தது வியாபார மேதைமை. அவர் பத்திரிகைக்காரரும்கூட, 1908-இல் ஆந்திர பத்திரிகையைத் தொடங்கியவர். லஸ் சர்ச் ரோட்டில் அவர் பெயரில் இருக்கும் பூங்காவில் விடியற்காலையில் பாதி மயிலாப்பூர் நடக்கிறது. ஒரு கதையை மட்டும் நாலு பக்கத் துண்டுப் பிரசுரமாக அடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். பெருமையாக இருந்தது. ஒரு சுற்று முடித்துத் திரும்பிய ஒருவர் மூச்சு வாங்கியபடி, "இதுக்கு வெறும் வயித்துல வரணுமா?" என்று கேட்டார். அந்த வாசலில் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அது சர்க்கரைப் பரிசோதனை முகாம்தான் என்பது நடப்பவர்களின் அனுபவம். கதை என்றேன். "முட்டி வலிக்கு இல்லையா?" என்றார் கூட வந்த மாமி. இன்னொருவர் நின்று, கண்ணாடி போட்டு, முழுக்கப் படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட்ரஸ் போடலையே, லேப் எங்க இருக்கு?" என்றார்.

ரீல்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நான் கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் புத்தகத்தோடு நடந்து வந்தேன், அக்கா மகன் படம் பிடித்தான், என் புடவை எங்கே வாங்கியது என்று நிறையப் பேர் கேட்டார்கள்.

மிச்சம் இருந்தது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். 1977-இல் தொடங்கி இத்தனை வருஷங்களாக நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் எழுத்தாளர்கள் அரங்கில் நின்று கையெழுத்துப் போடுவது வழக்கம். ஒரு சனிக்கிழமை மாலை என் பதிப்பாளரின் அரங்கில் பேனாவோடு நின்றேன். தனியாக நிற்கும் எழுத்தாளருக்கும் கடை ஊழியருக்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது என்பது பத்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது. "மேடம், பாத்ரூம் எந்தப் பக்கம்?" "ஜோசியம் இருக்கா?" "அஞ்சு பார்ட்டும் சேர்த்துப் பொன்னியின் செல்வன் எவ்வளவு?"

கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆனதிலிருந்து பொன்னியின் செல்வன் போடாத பதிப்பகம் கிடையாது. என் பதிப்பாளரும் போட்டிருந்தார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதையை இன்னமும் மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விலை கேட்ட பெண்மணி தயங்கினார். பிள்ளை தமிழ் படிக்க மாட்டேன் என்கிறான், வாங்கி என்ன பிரயோஜனம் என்றார். என்னையறியாமல் ஆரம்பித்துவிட்டேன். வீராணம் ஏரிக்கரையிலிருந்து வந்தியத்தேவன் குதிரையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் அவன் கண்டதும், ஆழ்வார்க்கடியானின் கைத்தடியும். முதல் பாகத்தை மட்டும் நீங்களே சத்தமாகப் படியுங்கள், இரண்டாம் பாகத்தை அவன் பிடுங்கிக்கொள்வான் என்றேன். அவர் வாங்கினார். கேட்டுக்கொண்டு நின்ற இன்னும் இருவர் வாங்கினார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் தங்கைக்கும் சேர்த்து இரண்டு செட் எடுத்தான். அடுத்த புலவரைப் புகழ பவணந்தியார் எந்தத் தடையும் வைக்கவில்லை. அதனாலோ என்னவோ, நாக்கு சரளமாக ஓடியது.

அரங்கை மூடுகிற நேரத்தில் பதிப்பாளர் கல்லாவை எண்ணி முடித்துவிட்டு, இத்தனை நாள் பார்க்காத மரியாதையோடு என்னைப் பார்த்தார். என் கையில் ஒரு டீயைக் கொடுத்தார்.

"மேடம், நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கூட்டம் தாங்காது. காலையில பதினொரு மணிக்கே வந்துட முடியுமா? உங்க புக்கை வேணா கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சுக்கலாம், பொன்னியின் செல்வனுக்கு இடம் பத்தலை."