கணக்கு வாத்தியாரின் தமிழ் வகுப்பு

உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு, ஒரு நாளில் கணக்குக்கென்று கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையை நேர்செய்ய வேண்டும். வருகைப்பதிவைக் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும்; அதற்கு முன் சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர வேண்டும். பஸ் பாஸ் படிவத்துக்குப் போட்டோ கொண்டுவராதவர்களைப் பட்டியல் எடுக்க வேண்டும். மிச்சமிருப்பதில் இயற்கணிதம். அது போதாது என்று தெரிந்ததும் அவர் பி.டி. பீரியடைக் கடன் வாங்குகிறார். தனிவட்டியும் கூட்டுவட்டியும் கற்றுக்கொடுக்கிறவர்தான் என்றாலும், இந்தக் கடனில் அசலைக்கூட அவர் திருப்பிக் கொடுத்ததாக எந்தப் பள்ளியிலும் பேச்சில்லை. உடற்கல்வி ஆசிரியரும் பந்தை அறையில் போட்டுப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.

தமிழ்நாட்டில் இந்த அவசரம் முழுவதும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முன்னிட்டது. கணிதத்துக்கு 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. தலா எட்டு மதிப்பெண்ணுக்குச் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. நடுவில் இருப்பவை 2 மதிப்பெண், 5 மதிப்பெண் வினாக்கள். கணக்கே வராது என்று வீட்டிலும் பள்ளியிலும் முடிவு கட்டப்பட்ட மாணவர், இந்த அமைப்பைப் பார்த்த உடனே மனக்கணக்காகச் சொல்கிறார்: பதினான்கும் பதினாறும் முப்பது, இன்னும் ஐந்து போதும். இந்தக் கூட்டலில் மட்டும் அவர் தவறுவதே இல்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு தொடுகோடு வரையப் பழகுகிறார். வகுப்பின் மறுகோடியில் சென்டம் எடுக்கப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். 99 எடுத்துவிட்டு, க.செ.மீ. போட மறந்த இடத்தை நினைத்து நினைத்து வருந்துவது இவர்கள் இயல்பு. அந்த வீடுகளில் துக்கம் விசாரிக்க ஆள் வருவதும் உண்டு.

இந்த இரு கோடிக்காரர்களும் ஒன்றாகத் தடுக்கி விழும் இடம் வாக்கியக் கணக்கு. அதன் உலகமே தனி. முக்கோணவியல் பாடத்தில் எல்லோரும் எதையாவது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கோபுரம், கலங்கரை விளக்கம், பறக்கும் பட்டம். ஏற்றக்கோணம் 30 பாகையாக இருந்தது 60 ஆகும் வரை நடக்கிறார்கள், பிறகு ஏனோ நின்றுவிடுகிறார்கள். அளவியலில் யாரும் எதையும் இருந்தபடி வைத்திருப்பதில்லை. 3 செ.மீ. ஆரமுள்ள திண்மக் கோளத்தை உருக்கி, அதே ஆரத்தில் கூம்பாக வார்த்தால் உயரம் என்ன என்பது கேள்வி. விடை 12 செ.மீ. நகைக்கடை வாசற்படி ஏறிப் பழகிய ஊர்களில், சேதாரமே இல்லாமல் ஒரு கோளம் கூம்பானதை மாணவர்கள் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. நியாயமான சந்தேகம். பாடத்திட்டத்தில்தான் அதற்கு இடமில்லை.

ஆனால் விழுவது கணக்கில் அல்ல. 3x − 5 = 16 என்று கரும்பலகையில் எழுதினால், பின்வரிசையிலிருந்தும் 7 என்று பதில் வருகிறது. ‘ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து ஐந்தைக் கழித்தால் பதினாறு கிடைக்கிறது எனில் அந்த எண்ணைக் காண்க’ என்று எழுதினால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. சற்று நேரத்தில் அந்த அமைதியைக் கலைத்து ஒரு குரல் எழும்: “சார், கூட்டணுமா, கழிக்கணுமா?” கழித்தால் என்ற சொல் பலகையிலேயே இருக்கிறது. “படிச்சியா?” “படிச்சேன் சார்.” படித்திருக்கிறார் என்பதும் உண்மை. 3, 5, 16 ஆகிய மூன்றையும் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார். இடையில் கிடந்த எழுத்துகளை மட்டும் தாண்டியிருக்கிறார்.

இதற்கு மருந்தாக ஆசிரியர் வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். எங்கே நிறுத்துவது, எது எதைத் தழுவி நிற்கிறது, ‘எனில்’ வரைக்கும் தெரிந்தது எது, அதற்கப்பால் கேட்பது எது என்று பிரித்துக் காட்டுகிறார். இரண்டாம் முறை படிக்கும்போதே பாதிப் பேருக்கு விடை வந்துவிடுகிறது. இதே நேரம் பக்கத்து அறையில் தமிழாசிரியர் ஒரு குறளை அசை பிரித்து, நேர், நிரை என்று அலகிட்டு வாய்பாடு கேட்டுக்கொண்டிருப்பார். தாழ்வாரத்தில் நடந்து போகும் தலைமையாசிரியருக்கு எந்த அறையில் எந்தப் பாடம் நடக்கிறது என்பதில் சிறு குழப்பம் ஏற்படலாம்.

வாசிக்கப் பழக வேண்டிய இடம் நூலகம். பல பள்ளிகளில் அது ஓர் இரும்பு அலமாரி. பொறுப்பு ஏதாவதொரு ஆசிரியருக்குக் கூடுதல் வேலை. புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே என்பதால், சாவி மிகவும் பத்திரமாக இருக்கும். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வந்த புதிதில் அந்தத் தனிமை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டனுக்குப் படிக்கப் போய் வந்த பிறகு, நூலகத்தைவிட்டு அவரைப் பிரிக்க முடியவில்லை. 1931இல் வெளியான அவருடைய ஐந்து நூலக விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுவதற்காகவே இருக்கிறது என்ற கருத்தைச் சொல்வது. பூட்டுச் சாவியோடு இருக்கும் அலமாரியை அவர் எந்த வகையில் சேர்த்திருப்பார் என்பது சுவாரசியமான கேள்வி.

இன்னொரு கணக்குக்காரரான ராமானுஜனின் பிறந்த நாள், டிசம்பர் 22, தேசியக் கணித தினம். பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வை ஒட்டியே வரும். கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி அவர் உதவித்தொகையை இழந்த செய்தி, மாணவர்கள் கேட்காமலே நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரே வரலாற்றுச் செய்தி. தவறியது மற்றப் பாடங்களில் என்பது மட்டும் ஏனோ நிற்பதில்லை. சுமார் 5,000 தேற்றங்களும் சூத்திரங்களும் கொண்ட கார் என்பவரின் நூலைப் பள்ளி வயதில் வரிவரியாக வாசித்தவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், வகுப்பில் சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

பொதுத்தேர்வில் வாசிப்புக்கென்று அரசே நேரம் ஒதுக்கியிருக்கிறது. 10 மணிக்கு வினாத்தாளைக் கொடுத்து, முதல் 10 நிமிடம் படிக்க மட்டும். பிறகு 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. 10.15க்கு எழுதத் தொடங்கலாம். பலர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வரைபடம் எது என்று பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தை மின்விசிறிக்குக் கொடுக்கிறார்கள்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் இதன் விளைவு தெரியும். சில தாள்களில் விடைக்குரிய இடத்தில் வினாவே இருக்கிறது. முத்து முத்தான கையெழுத்தில், ஓர் ஒற்றுப்பிழை இல்லாமல், ‘எனில்’ உட்பட. விடைக்குறிப்பில் சூத்திரத்துக்கு மதிப்பெண் உண்டு, படிநிலைகளுக்கு உண்டு, இதற்கு இல்லை. ஆசிரியர் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, சுழியம் போட்டு, அடுத்த தாளை எடுக்கிறார். ஒரு வேளைக்கு இத்தனை தாள் என்று அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது.